பனியில் பிழைத்த விதை: குதிரை மசால் விவசாயி வெண்டலின் கிரிமின் வாழ்க்கை

உங்கள் தோட்டத்தில் ஒரு தீவனப் பயிரை விதைக்கிறீர்கள். முளைப்பு நன்றாக இருக்கிறது, செடியும் தூர் கட்டுகிறது. பிறகு ஒரு மோசமான பருவம் வருகிறது. நூறு செடிகளில் எண்பது செத்துப்போகின்றன. மீதமுள்ள இருபது அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கின்றன. என்ன செய்வீர்கள்? உழுது போட்டுவிட்டு வேறு பயிர் வைப்பீர்கள். என்னிடம் கேட்டிருந்தால் நானும் பெரும்பாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

160 ஆண்டுகளுக்கு முன் ஒரு விவசாயி அப்படிச் செய்யவில்லை. பிழைத்து நின்ற செடிகளைப் பூக்க விட்டு, காய்க்க விட்டு, அவற்றிலிருந்து விதை எடுத்து மறுபடியும் விதைத்தார். அடுத்த ஆண்டும் அதையே செய்தார். கடுங்குளிர் அடிக்கும் வட அமெரிக்கப் பகுதிகளில் குதிரை மசால் இன்று லட்சக்கணக்கான ஏக்கரில் நிற்பதற்கு அவருடைய அந்தப் பிடிவாதமும் ஒரு முக்கியக் காரணம். அவர் பெயர் வெண்டலின் கிரிம். வேளாண்மை படித்தவர்கள் தீவனப் பயிர்ப் பாடத்தில் அந்தப் பெயரைக் கடந்து வந்திருப்பார்கள். ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த மனிதரை நாம் அதிகம் பேசியதில்லை.

பெட்டியில் வந்த விதை

கிரிம் பிறந்தது 1818-ஆம் ஆண்டு, இன்றைய ஜெர்மனியின் தென்மேற்கே பாடன் பகுதியில் உள்ள கியூல்ஸ்ஹைம் என்ற சிற்றூரில். விவசாயக் குடும்பம். 1857-இல், ஏறக்குறைய நாற்பது வயதில், மனைவி, பிள்ளைகளோடு கப்பல் ஏறி அமெரிக்கா போனார். மினசோட்டா பகுதியில், மினியாபொலிஸ் நகருக்குத் தென்மேற்கே உள்ள கார்வர் கவுண்டியில் நிலம் வாங்கிக் குடியேறினார். அந்த வட்டாரத்தில் ஏற்கெனவே ஜெர்மானியக் குடும்பங்கள் பல இருந்தன.

ஊரை விட்டுப் போகிறவர் என்னென்ன எடுத்துப் போவார்? துணிமணி, பாத்திரம், கருவிகள். கிரிம் அவற்றோடு ஒரு சிறு பெட்டி விதையையும் எடுத்துப் போனார். பதினைந்து முதல் இருபது பவுண்டு இருக்கும் என்பார்கள். நம் கணக்கில் 7 முதல் 9 கிலோ. இன்று ஒரு ஏக்கருக்கு நாம் பரிந்துரைக்கும் 8 கிலோவுக்குக் கிட்டத்தட்டச் சமம். அதுதான் அவருடைய மொத்த முதலீடு.

அந்த விதையை அவர் ஊரில் ஏவிகர் கிளே என்று அழைத்தார்கள். என்றும் சாகாத குளோவர் என்று பொருள். இங்கே ஒரு சிறு விளக்கம் தேவை. மூன்று இலை சேர்ந்த தீவனப் பயறுச் செடிகள் பலவற்றையும் ஜெர்மானிய விவசாயிகள் குளோவர் என்ற ஒரே சொல்லால் குறித்தார்கள். ஐரோப்பாவில் பரவலாக இருந்த சிவப்புக் குளோவர் பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளில் ஓய்ந்துவிடும். குதிரை மசாலோ நான்கைந்து ஆண்டுகளும் அதற்கு மேலும் நிற்கும். அதனால்தான் அந்தப் பெயர். கிரிம் கொண்டுபோனது நாம் அறிந்த குதிரை மசால்தான்.

பெயர் பொய்த்த முதல் குளிர்காலங்கள்

1858-ஆம் ஆண்டு வசந்தத்தில் அவர் விதைத்தார். மினசோட்டா ஒரு மாநிலமாக அமெரிக்க ஒன்றியத்தில் சேர்ந்ததும் அதே ஆண்டு மே மாதத்தில்தான். புது நாடு, புது மண். கோடையில் செடி நன்றாகவே வளர்ந்தது.

குளிர்காலம் வந்தபோதுதான் சிக்கல். கியூல்ஸ்ஹைமிலும் பனி உண்டு, ஆனால் மிதமானது. மினசோட்டாவில் ஜனவரி மாதச் சராசரி வெப்பநிலையே மைனஸ் 10 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். சில இரவுகளில் மைனஸ் 30 வரை இறங்கும். வசந்தத்தில் பனி உருகியபோது கிரிமின் வயலில் பல இடங்களில் செடி இல்லை. என்றும் சாகாத குளோவர் செத்திருந்தது.

அக்கம்பக்கத்தில் கோதுமையும் மக்காச்சோளமும் போட்டவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. அவை ஒரு பருவப் பயிர்கள். குளிர்காலத்தைத் தாண்டி நிற்க வேண்டிய கட்டாயம் அவற்றுக்கு இல்லை. கிரிமும் அந்த வழிக்குப் போயிருக்கலாம். ஆனால் அவருக்குக் கறவை மாடுகளுக்கும் குதிரைகளுக்கும் தீவனம் வேண்டும். சொந்த ஊரில் இந்தத் தீவனத்தின் மதிப்பை அவர் கண்ணால் பார்த்தவர். பிழைத்த செடிகளில் விதை எடுத்தார். மறுபடி விதைத்தார். மறு குளிரில் மறுபடியும் ஒரு பகுதி செத்தது. மறுபடியும் பிழைத்ததில் விதை எடுத்தார். ஒன்றிரண்டு ஆண்டுகளில் முடிந்த கதை அல்ல இது. பத்து ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்த வேலை.

உறைபனி செடியை எப்படிக் கொல்கிறது?

கிரிமின் வயலில் என்ன நடந்தது என்று புரிய, குளிரில் இந்தச் செடிக்குள் நடப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

குதிரை மசாலின் மேல் இலையும் தண்டும் மைனஸ் 3, 4 டிகிரியில் சில மணி நேரம் நின்றாலே கருகிவிடும். அது பெரிய இழப்பு அல்ல. உயிர் இருப்பது தண்டும் வேரும் சேரும் இடத்தில். அதை வேர்க்கழுத்து என்று வைத்துக்கொள்வோம். மறு வசந்தத்தில் துளிர்க்க வேண்டிய மொட்டுகள் அங்கேதான் இருக்கின்றன. நன்றாகப் பழகிய செடியில் வேர்க்கழுத்து சுமார் மைனஸ் 15 டிகிரி வரை தாங்கும். அதற்குக் கீழே போனால் ஆபத்து.

வெளியே மைனஸ் 30 அடிக்கும்போது செடி எப்படிப் பிழைக்கிறது? மண்ணும் பனிப்போர்வையும்தான் காரணம். ஓரடிக்குப் பாதி உயரம் பனி விழுந்து கிடந்தால் அது கம்பளி போல் வேலை செய்யும். அதன் கீழே மண் அவ்வளவு குளிராது. குளிரை விட, பனி விழாமல் வெறும் நிலமாகக் கிடக்கும் குளிர்காலத்துக்குத்தான் அங்குள்ள விவசாயிகள் அதிகம் பயப்படுவார்கள்.

செடியும் சும்மா இருப்பதில்லை. இலையுதிர் காலத்தில் பகல் குறுகி, இரவு குளிரத் தொடங்கியதும் அது மேலே வளர்வதைக் குறைக்கிறது. இலையில் தயாரித்த உணவை ஆணிவேருக்கு அனுப்பிச் சேமிக்கிறது. வேரில் உள்ள மாவுச்சத்தில் ஒரு பகுதி சர்க்கரையாக மாறுகிறது. சர்க்கரை சேர்ந்த நீர் எளிதில் உறையாது. உப்புத் தண்ணீர் உறையத் தாமதமாவது போலத்தான் இதுவும். பனிக்கட்டி உயிரணுக்களுக்கு வெளியே உண்டாகிறது. உள்ளே உண்டானால் செடி இறக்கும், வெளியே உண்டானால் தாங்கும். இப்படிச் செடி குளிருக்குப் பழக சில வாரங்கள் வேண்டும். திடீரென்று அடிக்கும் முதல் கடுங்குளிரில் பல செடிகள் சாவது அதனால்தான். நடுக்குளிரில் சில நாட்கள் வெயில் அடித்து, மறுபடி உறைந்தாலும் பழகிய தாங்குதிறன் குறைந்துவிடும்.

இன்னொரு சாவும் உண்டு. ஈரம் அதிகமான களிமண்ணில் நீர் உறையும்போது மண் உப்பும், உருகும்போது அமரும். இது திரும்பத் திரும்ப நடந்தால் ஆணிவேரை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே பிடுங்கிவிடும். வசந்தத்தில் பார்த்தால் வேர்க்கழுத்து தரைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும். வேர் அறுந்தும் போகலாம். வடிகால் இல்லாத தாழ்வான இடங்களில் இது அதிகம். அங்கே தண்ணீர் தேங்கி ஒரே பாளமாக உறைந்துபோனால், காற்றுக்கு வழியில்லாமலும் செடி சாகும்.

குளோவர் இனங்களிலும் இதே விதிதான், ஆனால் வடிவம் வேறு. வெள்ளைக் குளோவர் தரையோடு ஓடும் கொடித்தண்டுகளால் பரவுகிறது. குளிரில் பல கொடிகள் கருகினாலும், பிழைத்த துண்டுகள் வசந்தத்தில் வேர் பிடித்து இடத்தை நிரப்பும். சிவப்புக் குளோவருக்கு வேர்க்கழுத்து தரை மட்டத்தில் இருக்கிறது. குதிரை மசாலின் வேர்க்கழுத்தோ, செடி முதிர முதிர மண்ணுக்குள் சற்று இறங்குகிறது. எவ்வளவு இறங்குகிறது, இலையுதிர் காலத்தில் எவ்வளவு சீக்கிரம் வளர்ச்சியை நிறுத்துகிறது, வேரில் எவ்வளவு சேமிக்கிறது என்பவை செடிக்குச் செடி மாறும். கிரிமின் வயலில் ஒவ்வொரு குளிர்காலமும் தேர்வு வைத்தது இந்த வேறுபாடுகளின் மேல்தான்.

தீவனமா, விதையா?

விதை எடுப்பது என்றால் சும்மா இல்லை. குதிரை மசாலைத் தீவனமாக அறுப்பது பூ விடத் தொடங்கும்போது. விதை வேண்டுமென்றால் அறுக்காமல் விட வேண்டும். தேனீக்கள் வந்து மகரந்தச் சேர்க்கை செய்ய வேண்டும். சுருண்ட சிறு காய்கள் பழுப்பாகும் வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் தழை முற்றி நார் ஏறிவிடும். ஆக, விதைக்கு விட்ட நிலத்தில் அந்த அறுப்பின் தீவனத்தை இழக்கிறீர்கள். மழை பெய்தால் விதையும் சரியாகக் கட்டாது.

ஏற்கெனவே பாதி செத்த வயலில், மிஞ்சியதையும் மாட்டுக்குப் போடாமல் விதைக்கு விடுவது சாதாரண முடிவு அல்ல. புதுக் குடியேறி, கையில் பணம் குறைவு, வீட்டில் பிள்ளைகள். அந்த நிலையில் அவர் எடுத்த முடிவு அது. நீங்கள் விவசாயி என்றால் இதன் கனம் உங்களுக்குச் சொல்லாமலே புரியும்.

அவருக்குத் தெரியாமல் இன்னொன்றும் அவருக்கு உதவியது. குதிரை மசால் அயல் மகரந்தச் சேர்க்கைப் பயிர். குளிரில் தோற்ற செடிகள் செத்துவிட்டதால், பிழைத்த செடிகளின் மகரந்தம் பிழைத்த செடிகளுக்கே போய்ச் சேர்ந்தது. தாயும் தந்தையும் இரண்டுமே குளிரைத் தாண்டியவை. இதை ஆண்டுக்கு ஆண்டு திரும்பச் செய்தால், தாங்கும் குணம் வயல் முழுக்கச் சேரும். இன்று பயிர்ப் பெருக்கத் துறையில் நாங்கள் இதைக் கூட்டுத் தேர்வு என்று பாடமாகப் படிக்கிறோம். டார்வினின் நூல் வெளிவந்தது 1859-இல். கிரிம் முதல் விதையைப் போட்டது அதற்கும் ஓராண்டு முன்னால்.

வறட்சியில் கொழுத்த மாடுகள்

1863-ஆம் ஆண்டை வைத்து அந்த வட்டாரத்தில் ஒரு கதை சொல்வார்கள். அந்த ஆண்டு வறட்சி. மக்காச்சோளம் சரியாக வரவில்லை. ஊரில் மாடுகள் இளைத்துக் கிடந்தன. கிரிம் மட்டும் கொழுத்த மாடுகளைச் சந்தைக்கு ஓட்டிப் போனார். வழியில் பார்த்த ஒரு பக்கத்து விவசாயி, இந்தப் பஞ்சத்தில் உமக்கு மட்டும் மக்காச்சோளம் எங்கே கிடைத்தது என்று விசாரித்தாராம். ஒரு மணிகூடப் போடவில்லை, என்றும் சாகாத குளோவர் மட்டும்தான் என்று கிரிம் பதில் சொன்னாராம்.

கதை அப்படியே நடந்ததோ, சொல்லச் சொல்லக் கூடியதோ, அதன் உள்ளே இருக்கும் விஷயம் உண்மை. குதிரை மசாலின் ஆணிவேர் பல அடி ஆழம் போகும். மேல்மண் காய்ந்தாலும் அது கீழிருந்து ஈரம் எடுக்கும். புரதம் நிறைந்த தீவனம். வேர் முடிச்சுகளில் உள்ள பாக்டீரியாவின் உதவியால் காற்றிலிருந்து தழைச்சத்தைத் தானே எடுத்துக்கொள்ளும்.

1860-களின் பிற்பகுதிக்குள் அந்தப் பண்ணையில் பிறருக்கு விற்கும் அளவுக்கு விதை விளையத் தொடங்கியது. பக்கத்து விவசாயிகள் வாங்கி விதைத்தார்கள். அவர்கள் எடுத்த விதை அவர்களுடைய உறவுகளுக்குப் போனது. விளம்பரம் இல்லை, விதை உறையில் பெயர் இல்லை. அந்த வட்டாரத்தார் சொந்த ஊர்ப் பெயரிலேயே அதை அழைத்தார்கள். 1870-களில் கிரிம் செங்கல்லில் ஒரு வீடு கட்டினார். 1890-இல் இறந்தார். அப்போது கார்வர் கவுண்டிக்கு வெளியே அவர் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் மிகக் குறைவு.

இறந்த பிறகு வந்த பெயர்

அதே காலத்தில் அமெரிக்காவின் வேறு பக்கத்தில் குதிரை மசால் வேறு வழியாக வந்திருந்தது. 1850-களில் கலிபோர்னியாவில் தங்கம் தேடி மக்கள் குவிந்தபோது, தென் அமெரிக்காவின் சிலி நாட்டிலிருந்து விதை வந்தது. வெயில் நிறைந்த மேற்குப் பகுதிகளில் அது அருமையாக வந்தது. அந்த வம்சத்து விதையை வடக்கே கொண்டுபோய் விதைத்தவர்கள் ஏமாந்தார்கள். ஒரு குளிர்காலத்தில் வயல் வெறுமையானது. குதிரை மசால் வடக்கு மாநிலங்களுக்கு ஏற்ற பயிர் அல்ல என்ற எண்ணம் பரவியது.

1900-ஐ ஒட்டி, எக்செல்சியர் என்ற ஊரைச் சேர்ந்த ஆர்தர் லைமன் என்பவர், கார்வர் பகுதி விவசாயிகளின் வயலில் மட்டும் இந்தப் பயிர் குளிரைத் தாண்டி நிற்பதை மினசோட்டா பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்தின் வில்லட் ஹேஸிடம் தெரிவித்தார். ஹேஸ் பயிர்ப் பெருக்க அறிஞர். அந்த விதையை வாங்கிச் சோதித்தார். பின்னர் அமெரிக்க வேளாண் துறையின் சார்லஸ் பிராண்ட் இதன் வரலாற்றைத் தேடிப் போனார். தடம் கிரிமின் பண்ணையில் போய் நின்றது. அவர் இறந்து பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்ட நிலையில், அந்த விதைக்கு கிரிம் குதிரை மசால் என்ற பெயர் நிலைத்தது.

வடக்கு டகோட்டா மாநிலத்தின் டிக்கின்சன் ஆராய்ச்சிப் பண்ணையில், பல நாடுகளிலிருந்து வந்த குதிரை மசால் விதைகளோடு கிரிம் விதையும் பக்கத்துப் பக்கத்தில் விதைக்கப்பட்டது. 1910-இல் வெளிவந்த அந்த ஆய்வின் முடிவு தெளிவானது. கடுங்குளிருக்குப் பின் சில ரகங்களில் கிட்டத்தட்ட எல்லாச் செடிகளும் செத்திருந்தன. கிரிமில் மிகச் சில செடிகளே செத்திருந்தன. அதன் பிறகு வடக்கு மாநிலங்களிலும் கனடாவிலும் அந்த விதைக்குத் தேவை பெருகியது.

தேவை பெருகிய இடத்தில் கலப்படமும் வந்தது. குதிரை மசால் விதைகள் பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல்தான் இருக்கும். சாதாரண விதையை கிரிம் என்று சொல்லி அதிக விலைக்கு விற்றார்கள். வாங்கியவருக்கு உண்மை தெரிவது அடுத்த வசந்தத்தில், வயல் வெறுமையான பிறகு. அதனால் விதை உற்பத்தியாளர்கள் சங்கம் அமைத்து, வயலைப் பார்வையிட்டு, பதிவு செய்து, சான்று கொடுத்து விற்கும் முறை வளர்ந்தது. இன்று நீங்கள் விதைப் பையில் பார்க்கும் சான்று அட்டைக்குப் பின்னால் இப்படிப்பட்ட ஏமாற்றங்களின் வரலாறு இருக்கிறது.

1924-இல் கிரிம் பண்ணையில் ஒரு பாறையில் அவர் நினைவாக வெண்கலப் பலகை பதிக்கப்பட்டது. அவருடைய வீடும் பண்ணையும் இன்று பாதுகாக்கப்பட்ட வரலாற்றுச் சின்னமாக ஒரு பூங்காவுக்குள் இருக்கின்றன.

விதைக்குள் ஏற்கெனவே இருந்தது

கிரிமின் பொறுமை மட்டும் போதுமா? இங்கே ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. ஆய்வாளர்கள் அந்த வயல்களில் பூக்களைக் கவனித்தபோது, வழக்கமான ஊதா நிறத்தோடு பச்சை கலந்ததும் மஞ்சள் சாயல் கொண்டதுமான பூக்களையும் பார்த்தார்கள். காரணம் இதுதான். ஐரோப்பாவிலும் சைபீரியாவிலும் மஞ்சள் பூப் பூக்கும் ஒரு காட்டுக் குதிரை மசால் இனம் உண்டு. கடுங்குளிரைத் தாங்கக்கூடியது. கிரிமின் ஊர்ப் பக்கத்து விதையில், எப்போதோ இயற்கையாக நடந்த ஒட்டால், அதன் ரத்தம் கொஞ்சம் கலந்திருந்தது.

மினசோட்டாவின் குளிர் புதிதாக எதையும் உண்டாக்கவில்லை. விதைக்குள் கலந்திருந்த குணங்களில் தாங்குவதைப் பிரித்து எடுத்தது, அவ்வளவுதான். கிரிம் கொண்டுபோன பெட்டியில் எல்லா விதையும் ஒரே மாதிரி இருந்திருந்தால், ஒன்று எல்லாமே பிழைத்திருக்கும், இல்லையென்றால் எல்லாமே செத்திருக்கும். பிந்தையதற்கே வாய்ப்பு அதிகம். எத்தனை ஆண்டு பொறுமையாக இருந்தாலும் பயன் இருந்திருக்காது. விதைப் பன்மயம் என்று கூட்டங்களில் நாங்கள் பேசுவதன் நடைமுறைப் பொருள் இதுதான்.

கதையின் பிற்பகுதி இதை இன்னும் தெளிவாக்குகிறது. 1920-களில் அமெரிக்காவில் குதிரை மசாலில் பாக்டீரியா வாடல் நோய் கண்டறியப்பட்டது. கிரிம் ரகம் அதற்கு எளிதில் பலியானது. பழைய வயல்கள் மூன்றாம், நான்காம் ஆண்டில் மெலிந்தன. குளிர் வைத்த தேர்வில் தேறிய செடிக்கு நோய் வைத்த தேர்வில் தேறத் தெரியவில்லை. ஏனென்றால் கிரிமின் வயலில் அந்த நோய் எந்தச் செடியையும் சோதித்துக் கழிக்கவில்லை. 1940-களில் ரேஞ்சர் போன்ற நோய் எதிர்ப்பு ரகங்கள் வந்து கிரிமின் இடத்தைப் பிடித்தன. ஆனால் அதன் பிறகு வந்த குளிர் தாங்கும் ரகங்கள் பலவற்றின் வம்சாவளியில் கிரிம் இருக்கிறது.

நமக்கு இதில் என்ன?

தமிழ்நாட்டுச் சமவெளியில் உறைபனி இல்லை. நம்மிடம் உள்ள கோ 1 போன்ற குதிரை மசால் ரகங்கள் ஆண்டு முழுவதும் வளர்பவை, குளிர் உறக்கத்துக்குப் போகாதவை. அதனால்தான் முதல் அறுப்புக்குப் பிறகு 25 முதல் 30 நாட்களுக்கு ஒருமுறை அறுக்க முடிகிறது. உலகில் குதிரை மசால் ரகங்களை இந்த உறக்கக் குணத்தை வைத்து 1 முதல் 11 வரை எண் கொடுத்துப் பிரிக்கிறார்கள். எண் குறைந்தால் இலையுதிர் காலத்தில் சீக்கிரம் உறங்கும் ரகம். எண் கூடினால் குளிரிலும் வளர முயலும் ரகம். மலைப்பகுதி விவசாயிகள் விதை வாங்கும்போது இதைக் கேட்க வேண்டும்.

நீலகிரி, கொடைக்கானல் மேல்மலையில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனி விழும் பள்ளத்தாக்குகளில் மாடு வளர்ப்பவர்கள் நீங்கள் என்றால், மினசோட்டா விவசாயிகளின் நடைமுறையில் சில உங்களுக்கும் பொருந்தும். உறைபனிப் பருவத்துக்கு 4 முதல் 6 வாரங்களுக்கு முன்பே கடைசி அறுப்பை முடித்துவிடுங்கள். மினசோட்டாவில் செப்டம்பர் தொடக்கத்தோடு நிறுத்துவது நெடுநாள் பரிந்துரை. அந்த இடைவெளியில்தான் செடி வேரில் உணவு சேர்க்கிறது. மிகத் தாழ்வாக அறுக்காமல் நான்கு விரல் உயரம் அடித்தாள் விடுங்கள். சாம்பல் சத்துக் குறையாமல் பாருங்கள். தண்ணீர் தேங்கும் பள்ளத்தைத் தவிருங்கள். மலை மண் பெரும்பாலும் அமிலத் தன்மை உள்ளது. சுண்ணாம்பு இடாமல் குதிரை மசால் நிலைக்காது. அங்கே புல்வெளியில் தானாகவே பரவியிருக்கும் வெள்ளைக் குளோவர், புல்லோடு கலந்து விடுவதற்கு இன்னும் எளிதானது.

இன்னொரு எச்சரிக்கை. உறைபனியில் கருகிய குதிரை மசாலிலும் குளோவரிலும் மாடுகளை உடனே மேய விடாதீர்கள். வயிறு உப்புசம் வரும் அபாயம் கூடுதல். சில நாட்கள் விட்டு, முதலில் காய்ந்த புல்லைப் போட்டு வயிற்றை ஓரளவு நிரப்பிய பிறகே விடுங்கள்.

சமவெளி விவசாயிகளுக்கு குளிருக்குப் பதில் வறட்சியும் உப்பு நீரும் தேர்வு வைக்கின்றன. பிழைத்த செடியில் விதை எடுக்கும் கிரிமின் வழி உங்களுக்கும் உதவலாம். ஆனால் எல்லாப் பயிருக்கும் அல்ல. வீரிய ஒட்டு ரகத்தில் விதை எடுத்தால் அடுத்த தலைமுறையில் குணங்கள் சிதறும். நெல் போன்ற தன்மகரந்தச் சேர்க்கைப் பயிரின் தூய ரகத்தில், செடிகளுக்குள் வேறுபாடு குறைவு என்பதால் தேர்வுக்கு இடமும் குறைவு. குதிரை மசால், கம்பு நாட்டு ரகங்கள் போன்ற அயல் மகரந்தச் சேர்க்கைப் பயிர்களில்தான் இது நன்றாக வேலை செய்யும்.

அப்படிச் செய்ய நினைத்தால் சில விதிகள். ஒன்றிரண்டு செடிகளில் மட்டும் எடுக்காதீர்கள், பிழைத்தவற்றில் முடிந்தவரை நிறையச் செடிகளில் எடுங்கள். வாய்க்கால் ஓரத்தில் ஈரத்தால் தப்பித்த செடியை விட்டுவிடுங்கள். அது தாங்கிய செடி அல்ல, இடம் காப்பாற்றிய செடி. பக்கத்து வயலில் வேறு ரகம் பூத்திருந்தால் மகரந்தம் கலந்துவிடும். அம்மையார் கூந்தல் படர்ந்த பாத்தியில் விதை எடுக்கவே கூடாது. அந்தக் களையின் விதை குதிரை மசால் விதையோடு கலந்து அடுத்த வயலையும் கெடுக்கும். பழைய விதையையும் கொஞ்சம் வைத்திருந்து, ஒரு பாத்தியில் இரண்டையும் பக்கத்தில் போட்டு ஒப்பிடுங்கள். முன்னேற்றம் இருக்கிறதா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

விரிவாக்கப் பணியில் இருக்கும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. கிரிமின் வயல் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே இருந்தது. மாநிலப் பல்கலைக்கழகம் அதிக தூரத்தில் இல்லை. ஆனாலும் ஒருவர் போய்ச் சொல்லும் வரை ஆராய்ச்சி நிலையத்துக்குத் தெரியவில்லை. அந்தத் தகவல் போய்ச் சேர்ந்தபோது கிரிம் உயிரோடு இல்லை. உங்கள் வட்டாரத்தில் எல்லார் வயலும் காய்ந்தபோது ஒருவர் வயல் மட்டும் நின்றிருந்தால், அதிர்ஷ்டம் என்று கடந்து போகாதீர்கள். மண்ணா, நீரா, விதையா என்று போய்ப் பாருங்கள். விதைதான் காரணம் என்று தெரிந்தால், அந்த விவசாயியின் பெயரோடு குறித்து, ஒரு படி விதையும் வாங்கி, அருகில் உள்ள ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்புங்கள். அவர் இருக்கும்போதே அது நடக்கட்டும்.